பயணத்திற்கு ஏற்ற கரியிழைக் கித்தார்

பாணர் வழியில் வந்தவர் நாம் என்று விழா மேடைகளில் பேசக் கேட்கிறோம். அந்தப் பாணர் ஓரிடத்தில் அமர்ந்து இசை வளர்த்தவர் அல்லர். ஊர் ஊராக நடந்தவர். சிறுபாணன் கையில் சீறியாழ் இருந்தது; பெரும்பாணன் கையில் பேரியாழ் இருந்தது. மலைபடுகடாத்தைத் திறந்தால் முதற்காட்சியே கருவிகளைக் கட்டித் தூக்கும் காட்சிதான். முழவும் ஆகுளியும் பாண்டிலும் குழலும் பிறவும் பையில் இட்டுச் சுருக்கிக் கட்டப்படுகின்றன. அப்பைகள் பலாமரத்தில் காய்க்கொத்துத் தொங்குவதுபோலத் தொங்குகின்றன என்று காட்டுகிறார் பெருங்கௌசிகனார். மழை வந்தால் போர்வைத்தோல் தளருமே, வெயில் வந்தால் பத்தர் வெடிக்குமே என்ற கவலை அவர்களுக்கும் இருந்திருக்கும் அன்றோ?

திருவனந்தபுரத்தில் படிக்கும் தமிழ் மாணவர்க்கு இக்கவலை இன்றும் உண்டு. நம்முள் பலர் நாகர்கோயிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர். விடுதி அறைகளில் வீணையைக் காண்பது அரிது. கித்தாரைக் காண்பது எளிது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதைக் கூடவே கொண்டு செல்ல விரும்புகிறோம். அண்மையில் கடைகளில் கார்பன் ஃபைபர் கித்தார் என்று ஒரு வகை பேசப்படுகிறது. மழைக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சாது, சுருதி கலையாது என்றெல்லாம் விளம்பரம் கூறுகிறது. ஒரு மாணவன் ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தை அதில் போடுவது தகுமா? இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கார்பன் ஃபைபரைக் கரியிழை என்றே இக்கட்டுரையில் குறிக்கிறேன். கித்தாரின் உறுப்புகளுக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. வீணைக்கு வழங்கும் தந்தி, மெட்டு, தண்டி, குதிரை, பிரடை, மேற்பலகை என்னும் சொற்களே போதும்.

ஈரமும் மரமும்

மரம் வெட்டுண்ட பின்னும் உயிருள்ளது போலவே நடந்துகொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதை உறிஞ்சிப் பருக்கிறது; காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நார் ஓடும் திசையில் மரத்தின் நீளம் ஏறத்தாழ மாறுவதேயில்லை, குறுக்கேதான் மாறுகிறது. கித்தாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தால் ஆனது. நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள அப்பலகையில் ஈரம் நான்கு விழுக்காடு ஏறினால் அகலம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். விளிம்புகள் பசையால் பக்கப்பலகையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் பலகை வெளியே விரிய வழியில்லை. ஆகவே நடுவில் மேல்நோக்கிப் புடைக்கிறது. அதனோடு குதிரையும் உயர்கிறது. குதிரை உயர்ந்தால் தந்தி மெட்டிலிருந்து விலகி நிற்கும்; விரல் நோகும்; அழுத்தும்போது சுருதி ஏறிப் பிசகும்.

கித்தார் செய்வோர் தம் கருவிகளை ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை உள்ள இடத்தில் வைக்கச் சொல்வது வழக்கம். திருவனந்தபுரத்தில் அத்தகைய காற்றை எங்கே தேடுவது? ஆண்டின் பெரும்பகுதி எழுபதுக்கு மேல். இடவப்பாதி தொடங்கிவிட்டால் எண்பதும் தொண்ணூறும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த சில வாரங்களில் துலாமழை வந்துவிடுகிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது.

ஈரம் மட்டும் இருந்தால்கூட மரம் அதற்குப் பழகிவிடும். நம் துன்பம் வேறு. இங்கிருந்து நாகர்கோயில் வழியாகக் கிழக்கே செல்லும் வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் உலகமே மாறிவிடுகிறது. மேற்கே மலை தடுத்த மழையெல்லாம் பின்னால் நிற்கிறது. முன்னால் உலர்ந்த காற்றும் காற்றாலைகளும் பனைகளுமே. நெல்லையில் பெய்யும் மழை திருவனந்தபுரத்து மழையில் பாதிக்கும் குறைவு. சில மணி நேரப் பயணத்தில் மரக் கித்தார் ஈரநாட்டிலிருந்து வறள்நாட்டிற்குப் போய்விடுகிறது. அங்கே அது சுருங்கத் தொடங்குகிறது. தண்டி குறுக, உலோக மெட்டுகளின் முனைகள் விளிம்பில் துருத்தி விரலைக் கீறுகின்றன. கோடையாயின் மேற்பலகை நார்வழியே வெடிப்பதும் உண்டு. விடுமுறை முடிந்து திரும்பினால் மீண்டும் பருத்தல். ஆண்டுக்கு ஆறேழு முறை இவ்வாறு ஏறி இறங்கும் கருவி எத்தனை ஆண்டு தாங்கும்?

கரியிழையின் வரலாறு

மரமல்லாத பொருளில் நரம்புக்கருவி செய்வது நம் நகருக்குப் புதிதன்று. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834-இல் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது இசை வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. அந்தக் கருவி அரச மதிப்பைக் காட்டுவதற்காகத் தந்தத்தில் வந்தது. ஈரத்திற்கு அஞ்சி அன்று. ஈரத்தை வெல்வதற்கென்றே மரத்தை விட்ட கதை பிற்காலத்தது.

1879-இல் எடிசன் மின்விளக்கிற்காகப் பருத்தி நூலைக் கரியாக்கினார். அதுவும் கரியிழைதான், ஆனால் தொட்டால் ஒடிவது. வலிமை மிக்க கரியிழையை 1958-இல் அமெரிக்காவில் ராஜர் பேக்கன் என்பவர் ஆய்வுக்கூடத்தில் கண்டார். அதன்பின் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நூலிலிருந்து அதைச் செய்யும் வழியைச் செம்மை செய்தனர். அந்நூலை முதலில் காற்றில் இருநூறு முந்நூறு பாகை வெப்பத்தில் பக்குவப்படுத்துவர். பின்னர் ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரம் பாகைக்கு மேல் சுடுவர். எஞ்சுவது 5 முதல் 7 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள கரிய இழை. நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு. இதைத் துணியாக நெய்தோ ஒரே போக்கில் அடுக்கியோ எபாக்சிப் பிசினில் தோய்த்து, அச்சில் படியவைத்து, வெப்பத்தால் இறுகச் செய்தால் கூட்டுப்பொருள் கிடைக்கிறது. உண்மையில் இழை கொஞ்சமும் பிசின் கொஞ்சமும் சேர்ந்ததே நாம் கையில் பிடிக்கும் பொருள். எஃகின் அடர்த்தி 7.8 என்றால் இதன் அடர்த்தி ஏறத்தாழ 1.6.

இந்தக் கலைக்கு நம் நகரம் அந்நியமானதன்று. வட்டியூர்க்காவில் விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கூட்டுப்பொருள் பிரிவு இருக்கிறது. 2024 ஏப்ரலில் அம்மையம் ராக்கெட் எந்திரத்திற்கெனக் கரியும் கரியிழையும் சேர்ந்த எடை குறைந்த கூம்புவாய் ஒன்றை உருவாக்கியதாக அறிவித்தது. கரியிழை என்றாலே வெளிநாட்டு மாயம் என்று எண்ணும் நண்பர்கள் ஒருமுறை அந்தச் சாலை வழியாகப் போய்வருவது நல்லது.

இசைக்கருவிக்குள் இப்பொருள் வந்த வழியும் விமானத் தொழிலின் வழிதான். ஹெலிகாப்டர் செய்துவந்த சார்லஸ் கேமன் என்னும் அமெரிக்கர், கித்தார் வாசிப்பதிலும் வல்லவர். அவர் 1966-இல் ஒவேஷன் என்னும் பெயரில் கண்ணாடியிழையால் கிண்ணம்போல் வளைந்த முதுகுடைய கித்தாரை வெளியிட்டார். 1970-களின் நடுவில் அதே நிறுவனம் அடாமஸ் என்னும் வகையில் மேற்பலகையையும் மாற்றியது: மெல்லிய பிர்ச் மரத்தகடு நடுவில், கரியிழைத் தாள்கள் இருபுறமும். மரத்தை முழுதும் விட்டவர் ஹவாய்த் தீவில் வாழ்ந்த இயற்பியலார் ஜான் டெக்கர். அவருடைய ரெயின்சாங் கித்தார் 1990-களில் பெயர்பெற்றது. பெயரிலேயே மழை இருப்பதைப் பாருங்கள். கடலும் மழையும் சூழ்ந்த தீவில்தான் இந்தத் தேவை எழுந்தது. பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் பிளாக்பேர்ட், அயர்லாந்தில் எமரால்டு, அமெரிக்காவில் குளோஸ் முதலிய நிறுவனங்கள் சிறிய பயணக் கித்தார்களைக் கரியிழையில் செய்தன. சீன நிறுவனங்கள் பின்னர் விலையைக் குறைத்துச் சந்தையை விரித்தன.

மரம் தோற்றுவிட்டதா?

கரியிழை மரத்தைவிட எல்லாவகையிலும் உயர்ந்தது என்பார் உளர். இதனை நான் ஏற்பதற்கில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே போக்கில் அடுக்கிய கரியிழைத் தகட்டின் விறைப்பு, நார்த்திசையில் ஸ்புரூஸ் மரத்தின் விறைப்பைப்போல் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு. ஆனால் பலகை வளையும்போது தடிப்பின் மும்மடிப் பெருக்கமே ஆட்சி செய்கிறது; தடிப்பு இரட்டித்தால் வளையாமை எட்டு மடங்காகும். 2.8 மில்லிமீட்டர் ஸ்புரூஸ் பலகைக்கு ஈடாக வளையாமல் நிற்க 1.2 மில்லிமீட்டர் கரியிழைத் தகடு வேண்டும். எடையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் மரப்பலகை ஏறத்தாழ 1.2 கிலோ, கரியிழைத் தகடோ ஏறத்தாழ 2 கிலோ! நார்த்திசையில் மட்டும் பார்த்தால் மரமே இலேசானது. தந்தியின் சிறு ஆற்றலைக் கொண்டு அசைய வேண்டிய பலகைக்கு எடை ஒரு பெருஞ்சுமை.

ஆயினும் மரத்திற்கு ஒரு குறை உண்டு. குறுக்குத் திசையில் அதன் விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் உள்ளே சட்டங்களை ஒட்டித் தாங்கவைக்கிறார்கள். கரியிழையிலோ இழையை வேண்டிய திசையிலெல்லாம் அடுக்கலாம், சட்டங்களைக் குறைக்கலாம். நடுவில் மெல்லிய நுரைப்பொருளையோ மரத்தகட்டையோ வைத்து இருபுறமும் கரியிழையை ஒட்டினால், எடை கூடாமலே தடிப்பு கூடிவிடும். அடாமஸ் செய்தது இதுவே. ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதற்கேள்வி, மேற்பலகை ஒரே தகடா, நடுவே நுரை வைத்த அடுக்கா என்பது.

ஒலியின் தன்மையிலும் வேறுபாடு உண்டு. மரம் உயர்ந்த அதிர்வுகளைத் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது. அதனால் அதன் ஒலி கனிந்து கேட்கிறது. கரியிழை அவ்வளவாக விழுங்குவதில்லை. ஒலி பளிச்சென்று, நீண்டு நிற்கும். சிலர் இதைக் கண்ணாடி ஒலி என்று குறை கூறுவர். என் செவிக்கு அது குறையாகப் படவில்லை. ஆயினும் வீணையின் பலாமர ஒலியில் ஊறியவர்க்கு முதலில் அந்நியமாகவே இருக்கும்.

பெயரில் ஒரு மயக்கம்

கரியிழைக் கித்தார் என்ற ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. நீண்ட இழையைத் துணியாக நெய்து பிசினில் அடுக்கிச் செய்தது ஒன்று. பாலிகார்பனேட்டு போன்ற பிளாஸ்டிக்கில் துண்டு துண்டான கரியிழையைக் கலந்து, உருக்கி, அச்சில் பீய்ச்சி வார்த்தது மற்றொன்று. பின்னது பக்கெட்டும் நாற்காலியும் வார்க்கும் முறையைச் சேர்ந்தது. விலை குறைவு, ஈரத்திற்கும் அஞ்சாது, இழிந்த பொருள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விறைப்பில் முன்னதற்கு அருகில்கூட நிற்காது. ஆகவே தகட்டைத் தடிப்பாக வார்க்க நேர்கிறது, ஒலி மங்குகிறது. மேலே தெரியும் பின்னல் கோலத்தைக் கண்டு மயங்கவேண்டாம். அச்சிட்ட படலமாகவும் அது இருக்கலாம். ஒலித்துளை வழியே விளக்கடித்து உட்புறத்தைப் பார்ப்பது நல்ல வழி. அடுக்கிச் செய்ததாயின் உள்ளேயும் துணியின் பின்னல் தெரியும். வார்த்ததாயின் வழவழப்பாக ஒரே கருமையாக இருக்கும்.

தண்டியையும் கவனிக்கவேண்டும். உடல் கரியிழை, தண்டி மரம் என்று கலந்து செய்பவை உண்டு. ஆரல்வாய்மொழிக்கு இருபுறமும் வாழ்கின்ற நமக்கு முதலில் வளைவது தண்டிதான். தண்டியும் கரியிழையாக இல்லையேல் கொடுத்த பணத்தில் பாதிப்பயனே கிடைக்கும்.

சுருதி கலையவே கலையாது என்னும் விளம்பரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். உடல் கரியிழையானாலும் தந்தி எஃகுதானே! கரியிழை வெப்பத்தில் நீளாது, எஃகு நீளும். உடலின் நீளம் மாறாது என்று வைத்துக்கொண்டு, வெப்பம் 10 பாகை ஏறினால், மெல்லிய முதல் தந்தியின் இழுவிசை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிற்குச் சற்றே மேல் தளர்கிறது. சுருதி அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இறங்கும். நல்ல செவி இதை உணரும். அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுபோனால் பிரடையைத் திருகத்தான் வேண்டும். ஈரத்தால் வரும் கலக்கம் இல்லை என்பது மட்டும் உண்மை. வெயிலில் பூட்டிய காருக்குள் எந்தக் கித்தாரையும் வைக்கலாகாது. கரிய உடல் வெப்பத்தை விரைந்து வாங்கும். சரியாகச் சுட்டு இறுக்காத எபாக்சி அந்தச் சூட்டில் இளகக்கூடும். எழுபது கிலோ அளவு இழுக்கும் ஆறு தந்திகள் மேலே நிற்கின்றன என்பதை மறக்கலாகாது.

அளவும் கமகமும்

பயணக் கித்தார் சிறியது. சிறிய உடலின் உள்ளே அடங்கும் காற்றும் குறைவு. ஆதலால் அக்காற்றின் இயல்பான அதிர்வு மேலே ஏறிவிடுகிறது. மந்தரத் தந்திகள் மெலிந்து ஒலிக்கும். இதற்குக் கரியிழையில் மருந்தில்லை, அளவுதான் காரணம். திரைப்பாடலுக்குத் தாளத்தோடு நாதக்கூட்டு மீட்டுவோர் இக்குறையை உணர்வர்.

கருநாடக இசை பயில்வோர்க்கோ இச்சிறுமை ஒரு நன்மை. தந்தியின் அதிரும் நீளம் 65 சென்டிமீட்டரிலிருந்து 58 ஆகக் குறைந்தால், அதே தந்தி அதே சுருதியில் நிற்க முன்னைய இழுவிசையில் ஐந்தில் நான்கு பங்கே போதும். விரலுக்கு எளிது. அதே தொலைவு பக்கவாட்டில் இழுத்தால் சுருதியும் கூடுதலாக ஏறும். தோடியும் பைரவியும் தந்தியை இழுத்தே பிழைப்பவை அல்லவா? கித்தாரில் கருநாடக இசையைக் கொண்டுவந்த ஆர். பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற்கட்டுமானம் படித்தவர். கரியிழை படகிற்கும் உரிய பொருள் என்பதை எண்ணும்போது இது இனிய பொருத்தமாகத் தோன்றுகிறது.

மடக்குவனவும் தண்டி கழற்றுவனவும் உண்டு. உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுசெல்லும் பை பெரும்பாலும் 55 சென்டிமீட்டர் நீளத்திற்கும் 7 கிலோ எடைக்கும் உட்பட்டிருக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் கித்தார் இதற்குள் அடங்காது. அனுமதி அங்கிருக்கும் அலுவலரைப் பொறுத்தது. தண்டி கழற்றும் வகை இதற்கென்றே வந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ரயிலில் செல்பவர். கீழ்ப்படுக்கையின் அடியில் முழுக்கித்தாரே நுழையும். பூட்டும் திருகும் கூடக் கூடப் பழுதும் கூடும் என்பதால், ரயிலில் செல்பவர் ஒரே வார்ப்பான சிறு கித்தாரை வாங்குவதே மேல்.

பழுது பற்றியும் சொல்லவேண்டும். மரம் வெடித்தால் தெரிந்த தச்சர் பசையிட்டுச் சேர்ப்பார். தஞ்சையில் வீணை பழுதுபார்ப்போரிடம் கொடுத்தால் இன்னும் செம்மையாகும். கரியிழை அடிபட்டால் மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். அதைச் சேர்க்கும் கைகள் எளிதில் கிடைப்பதில்லை. தண்டியின் கோணத்தைத் திருத்துவது பலவற்றில் இயலாது. மரமோ மண்ணில் மட்கும்; எபாக்சி மட்காது. மறுபுறம், கித்தாரின் முதுகுக்கு உலகெங்கும் விரும்பப்படும் ஈட்டிமரம் நம் மேற்குமலைக் காடுகளில் வளர்வது. அந்த இனம் முழுவதும் 2017 தொடக்கத்தில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளித்தனர். காட்டைக் காக்க எது நல்லது என்ற கேள்வி எளிதன்று. நாற்பது ஆண்டு பழுதுபார்த்து வாசிக்கப்படும் மரக்கருவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி யாருக்கு எது? இந்நகரிலேயே இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் செல்பவர் மரக் கித்தாரே வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் சிலிக்கா மணிப்பொதி இரண்டு போட்டு மாதந்தோறும் உலர்த்தினால் போதும். கையில் பணம் குறைவு, அடிக்கடி பயணமும் உண்டு என்பவர்க்கு ஒட்டுப்பலகையால் செய்த சிறு கித்தாரைப் பரிந்துரைப்பேன். ஒட்டுப்பலகையில் நார்கள் மாறி மாறிக் குறுக்கே அமைந்திருப்பதால் ஈரத்தில் அவ்வளவாகப் பருப்பதில்லை. ஒலி சற்றுக் குறையும். சில ஆயிரங்களில் முடியும். இருவாரத்திற்கு ஒருமுறை கணவாயைக் கடப்பவர், மேடையிலும் வாசிப்பவர், மெய்யாகவே கரியிழைக்கு உரியவர். அவர் துணியடுக்கில் செய்த உடலும் கரியிழைத் தண்டியும் உள்ளதையே வாங்கவேண்டும். அதற்குப் பணம் சேரவில்லையென்றால் வார்த்த பிளாஸ்டிக்கிற்குத் தாவாமல் ஒட்டுப்பலகையோடு இன்னும் ஓராண்டு பொறுப்பது நலம்.

வாங்கும்போது ஒரு நாணயத்தால் முதுகையும் பக்கங்களையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். எங்கும் ஒரேபோல் கணீரென ஒலிக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று ஒலித்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. தண்டிக்குள் திருத்துகம்பி உண்டா என்று கேளுங்கள். தந்தியின் தடிப்பை மாற்றினால் அது தேவைப்படும். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். மரத்தில் பின்னர்த் திருத்தக்கூடிய பிழை இதில் திருத்த முடியாததாகிவிடும். சங்குமுகத்திலும் கோவளத்திலும் வாசிப்பவர்கள் மேற்பூச்சுள்ள தந்திகளை வாங்குவது நன்று. உப்புக்காற்றுக்குக் கரியிழை அசையாவிட்டாலும் தந்தியும் பிரடைப் பற்சக்கரமும் துருப்பிடிக்கும்; வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவைக்க வேண்டும்.